உங்களுக்குத் தெரியுமா? கப்பல் ஊழியருக்கு டிப்ஸ்

கரீபியன் கடலில் செல்லும் பெரிய அமெரிக்கச் சொகுசுக் கப்பல்கள் பலவற்றில் ஒரு பயணிக்கு நாளொன்றுக்கு 16 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸாகக் கணக்கில் தானாகவே ஏறிவிடும். அறையைச் சுத்தம் செய்பவர், உணவு பரிமாறுபவர் மட்டுமல்ல, பயணியின் கண்ணிலேயே படாத சலவைக்கூட ஊழியர் போன்றவர்களுக்கும் அதில் பங்கு போகும் கப்பல்கள் உண்டு. அதை ரத்து செய்துவிட்டு, பிடித்த ஒருவர் கையில் மட்டும் பணம் கொடுப்பது நல்லெண்ணம்தான். ஆனால் சில நிறுவனங்களில் அவர் அந்தப் பணத்தைப் பொதுத்தொகையில் சேர்த்தாக வேண்டும்!

ஊழியர்கள் பெரிதும் விரும்புவது, அந்தத் தொகையை அப்படியே விட்டுவிட்டு, கூடுதலாகக் கையில் தரும் டாலர் நோட்டு. சில்லறைக் காசு வேண்டாம். அவர்களால் அதைச் சொந்த நாட்டில் மாற்ற முடியாது. கருத்துப் படிவத்தில் உங்களுக்குப் பிடித்த ஊழியரின் பெயரையும் எழுதுங்கள். மேலதிகாரிகள் அதைப் படிக்கிறார்கள், பதவி உயர்வுக்கும் உதவும்.