தொடாது இயங்கும் மின்னாளி

சுவரிற் பொருத்தப்படும் மின்னாளி, மின்னோட்டஞ் செல்லும் வழியை இணைத்தும் துண்டித்தும் விளக்கை ஆள்வதாகும். அதனை இயக்குதற்குக் கையின் விசை வேண்டும். இருளிற் சுவரைத் தடவி அதனைத் தேடவேண்டியிருத்தலும், ஈரக்கையால் அதனைத் தொடுதல் இடருடைத்தாதலும், குழந்தையைச் சுமந்து வருவோர்க்கும் ஊன்றுகோல் பற்றி நடப்போர்க்கும் அஃது எளிதிற் கைக்கெட்டாமையும் யாவரும் அறிந்தவை. இக்குறைகளை நீக்குவனவே தொடாது இயங்கும் ஆளிகள். ஒருவர் அறையினுட் புகுந்ததும் விளக்கு ஒளிர்கின்றது. அவர் அகன்று சிறிது நேரஞ் சென்றதும் அணைகின்றது. இக்கருவி மனிதனைக் காண்கின்றது எனப் பலர் கருதுவர். உண்மையில் அஃது உணர்வது மனிதனையன்று, மாற்றத்தையே. இவ்வேறுபாட்டை அறிந்தாலன்றி அதனை உரிய இடத்தில் அமைத்தல் இயலாது.

இவ்வாளிகளுட் பெருவழக்குடையது உடல் வெப்பத்தால் இயங்குவது. அதற்கு அடிப்படையான இயல்பு ஐரோப்பிய அறிஞரின் ஆராய்ச்சிக்கு உட்பட்டமை இலங்கைக் கல்லொன்றினாலாகும் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர் இலங்கையிலிருந்து ஒருவகை மணிக்கல்லைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். ‘தோரமல்லி’ என்னுஞ் சிங்களச் சொல்லிலிருந்தே தூர்மலின் என்னும் அதன் பெயர் பிறந்தது. தணலிலே சூடேறியபோது அக்கல் சாம்பலைத் தன்பால் இழுத்தமையால், ஒல்லாந்தர் அதனைச் ‘சாம்பலிழுப்பான்’ எனவும் வழங்கினர். 1756 இல் ஈப்பினஸ் என்னும் அறிஞர் இவ்விழுவைக்குக் காரணம் மின்னேற்றமே என விளக்கினார். 1824 இல் டேவிட் புறூஸ்ரர் இவ்வியல்புக்குத் தனிப்பெயர் இட்டார். பளிங்கின் வெப்பநிலை மாறும்போது அதன் முகங்களில் மின்னேற்றந் தோன்றுதலே இதன் சாரம். வெப்பநிலை மாறாது நிற்குமாயின் புதிதாக மின்னேற்றந் தோன்றுவதில்லை.

இன்றைய ஆளிகளில் தூர்மலினுக்குப் பதிலாக லிதியம் தாந்தலேற்று போன்ற பளிங்குகளும் தனிவகை மட்பொருள்களும் பயன்படுகின்றன. 1800 இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்த, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களே இவற்றைத் தாக்குவன. ஒரு மீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு மைக்கிரோமீற்றர் எனப்படும். மனிதத் தோல் வெளிவிடும் கதிர்கள் 9 அல்லது 10 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தை அண்டி மிகுந்திருக்கும். சாதாரண கண்ணாடி இக்கதிர்களைப் புகவிடாது. ஆதலின், யன்னற் கண்ணாடிக்கு அப்பால் நடப்பவரை இவ்வாளி அறிவதில்லை.

கருவியின் முகப்பிலுள்ள வெண்ணிற மூடி வெறும் மறைப்பன்று. அது பல சிறு வில்லைகளாலாயது. அறையை விசிறிபோற் பல கூறுகளாகப் பிரிப்பது. அதன் உள்ளே உணர்பொருள் இரு துண்டுகளாக, ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடேறுமாயின் இரண்டும் ஒருங்கே தாக்குண்டு, ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும். ஒருவர் குறுக்கே நடப்பாராயின் அவர் உடலின் கதிர்கள் முதலில் ஒரு துண்டின்மீதும் பின்னர் மற்றையதன்மீதும் விழ, மின்துடிப்புத் தோன்றும். அத்துடிப்பு பெருப்பிக்கப்பட்டு விளக்கின் சுற்றை மூடுகின்றது.

இவ்வமைப்பின் சிறப்பும் குறையும் ஒரே வேரிலிருந்து எழுவன. கதிரையில் அசையாதிருந்து நூல் கற்கும் மாணவன் இக்கருவிக்கு இல்லாதவனே. குறித்த நேரங் கழிந்ததும் அவன் விளக்கு அணைந்துவிடும். கருவியை நேர்நோக்கி நடந்து வருபவரிலும் குறுக்கே செல்பவரையே அது விரைந்து உணரும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 சதமபாகை. யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதத்து நண்பகலிற் சுவரும் அதனை அண்டிய வெப்பத்தை அடையுங்கால், உடலுக்குஞ் சுவருக்குமிடையே வேற்றுமை சுருங்கிக் கருவியின் உணர்திறனுங் குன்றும்.

வேறு இரு வகைகளும் உள. ஒன்று தானே செந்நிறக்கீழ்க் கதிரை வெளிவிட்டு, அண்மையில் நீட்டப்படுங் கையிலிருந்து தெறித்து மீள்வதை உணரும். மற்றையது நுண்ணலையைப் பரப்பி, அசையும் பொருளிற் பட்டு மீளும் அலையின் மீடிறன் வேறுபடுவதை நோக்கும். இது 1842 இல் தொப்ளர் எடுத்துரைத்த தத்துவமாகும். செக்கனுக்கு 580 கோடி அதிர்வுடைய அலையை நோக்கி ஒருவர் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வருவாராயின், அவ்வேறுபாடு ஏறத்தாழ 39 அதிர்வே. இவ்வலை மரக்கதவையும் மெல்லிய சுவரையும் ஊடுருவுதலால், புறத்தே செல்வோர்க்கும் உள்ளே விளக்கு எரிதல் கூடும்.

சிக்கனம் பற்றியும் ஆராய்தல் வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் இக்கருவி விழித்தே இருப்பது. அதற்கு அரை வாற்று வலு வேண்டுமெனக் கொண்டால், ஒரு நாளைக்கு 12 வாற்று-மணி செலவாகும். 9 வாற்று விளக்கொன்று 80 நிமிடம் எரிவதற்கு இஃது ஒக்கும். எனவே, மறதியால் விளக்கு நாடோறும் 80 நிமிடத்துக்கு மேல் வீணே எரியும் இடத்திலேயே இதனாற் சேமிப்பு உண்டாகும். ஏனைய இடங்களில் இது வசதியேயன்றிச் சிக்கனமன்று.

இவற்றினும் மேலானது உயிர்க்காப்பு. விளக்கு அணைந்திருத்தல் மின் அற்றிருத்தலாகாது. இவ்வாளிகளுட் சில, அணைந்த நிலையிலும் தம் இயக்கத்தின்பொருட்டுச் சிறிதளவு மின்னோட்டத்தை விளக்கினூடே செலுத்துவன. எவ்வகையாயினும், குமிழை மாற்ற ஏறுபவரின் அசைவினாலேயே 230 வோல்ற்று அழுத்தம் தாங்கியில் மீளத் தோன்றுதல் கூடும். ஆகவே, குமிழை மாற்றுமுன் வீட்டின் தலைமை ஆளியைத் துண்டித்தல் இன்றியமையாதது. கருவியைப் பொருத்துதலும் பயிற்சி பெற்ற மின்வினைஞர்க்கே உரியது.

மக்கள் கடந்து செல்லும் இடங்களாகிய படிக்கட்டு, நடைவழி, வாயில், களஞ்சிய அறை என்பன இவ்வாளிக்குப் பொருந்துவன. இரவில் எழுந்து நடக்கும் முதியோர்க்குப் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் வழியில் அஃது அமைதல் வீழ்ச்சியைத் தடுக்கும் நற்றுணையாகும். மக்கள் அமர்ந்து தங்கும் படிப்பறைக்கோ கையால் இயக்கும் பழைய ஆளியே ஏற்றது. தணலிலே சாம்பலை ஈர்த்த கல்லின் இயல்பை அறிந்தோர்க்கு இவ்விரு இடங்களின் வேறுபாடு எளிதில் விளங்கும்.