வங்காளப் பேய்ப் பெயர்களும் தமிழாக்கமும்

வங்காளத்தில் வழங்கும் 'பூத்' என்னும் சொல்லும் தமிழில் வழங்கும் 'பூதம்' என்னும் சொல்லும் ஒரே வடமொழி மூலத்திலிருந்து வந்தவை. 'ஆகிவிட்டது', 'இருந்து முடிந்தது' என்பது அம்மூலத்தின் பொருள். இந்தி இலக்கணத்தில் 'பூத்கால்' என்பது இறந்தகாலத்தையே குறிக்கும். (தமிழ் மரபும் கடந்ததை 'இறந்த' காலம் என்றே சுட்டுவது நோக்கத்தக்கது.) ஆயினும் தமிழில் பூதம் என்றவுடன் ஐம்பூதங்களோ புதையல் காக்கும் பேருருவமோ நினைவுக்கு வருமேயன்றி இறந்தவரின் ஆவி வருவதில்லை. 'பிரேதம்' தமிழில் பிணம், வங்காளத்தில் ஆவி. எனவே ஒலியொப்புமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர் முதலடியிலேயே வழுவுவர்.

'பேய்' என்ற பொதுச்சொல்லால் அனைத்தையும் பெயர்த்துவிடலாம் என்பாரும் உளர். ஆனால் வங்காளப் பேய்ப் பெயர்கள் ஒரு சமூக அட்டவணையாகவே அமைந்துள்ளன. 'சங்கசூர்ணி' மணமான பெண்ணின் ஆவி; கையில் சங்கு வளையல் அணிந்திருக்கும். 'பெத்னி' வாழ்வில் ஆசை நிறைவேறாது இறந்தவள். 'மெச்சோ பூத்' மீனுக்கு அலையும். 'நிஷி' இரவில் பெயர் சொல்லி அழைக்கும். இருமுறைக்கு மேல் அழைக்காது என்பதால் மூன்றாம் அழைப்புக்கே மறுமொழி கூறுவர். 'பிரம்மதைத்திய' பூணூல் அணிந்த அந்தணப் பேய், பெரும்பாலும் நல்லியல்புடையது. இதனைப் 'பிரம்மராட்சசன்' எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் கொடிய உருவம் ஒன்றையே காண்பர். அகராதித் தொகுப்பாளரான ராஜசேகர் பாசு, 'பரசுராம்' என்ற புனைபெயரில் எழுதிய 'புஷண்டீர் மாட்டே' என்னும் நகைச்சுவைக் கதை இத்தகைய இன வேறுபாட்டின் மீதே கட்டப்பட்டது. அங்கெல்லாம் 'பேய்' என்று மட்டும் எழுதினால் கதையே இல்லை.

இதனினும் கடியது பேய்களின் பேச்சு. வங்காளக் கதைகளில் பேய் மூக்கால் பேசும். அச்சில் உயிரொலிகளின் மேல் சந்திரபிந்து இடப்படும். 'காதா' என்றால் சேறு. அதன் முதலுயிர் மூக்கொலியானால் அழுகை. இவ்வாறு பொருளை வேறுபடுத்தும் ஒலிக்கூறு, பேயின் வாயில் வரைமுறையின்றிப் பரவுவதே அச்சத்துக்கும் நகைப்புக்கும் காரணம். தமிழ்ப் பேச்சிலோ 'அவன்', 'வந்தான்' ஆகியவற்றின் ஈற்றுயிர் இயல்பாகவே மூக்கொலி பெறுகின்றது. அதற்கு வரிவடிவமும் இல்லை. இடையிடையே ஙகர மெய்யைச் செருகுவது நகைச்சுவைக் கதைக்குப் பொருந்தும். அச்சமூட்டும் கதையைக் கெடுத்துவிடும். அங்கு முதற்பேச்சில் மட்டும் 'மூக்கால் பேசியது' என்று குறித்துவிட்டு, எஞ்சியதை வாக்கிய அமைதியிடம் விடுவதே தக்கது.

பெயர்ச்சொல் தேர்வு கதைக்கு வெளியேயும் விளைவுடையது. மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்திலுள்ள பேகுன்கோதர் தொடர்வண்டி நிலையம், வெள்ளைச் சேலைப் பெண்ணுருவம் தண்டவாளத்தருகே தென்பட்டதாக 1967ஆம் ஆண்டளவில் எழுந்த பேச்சைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. மீண்டும் வண்டிகள் நின்றது 2009இல்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஊரார் வேறு நிலையங்களை நாட வேண்டியிருந்தது. இன்று பேய் காணும் ஆர்வத்தினர் இரவில் அங்குச் செல்கின்றனர். இச்செய்தியைத் தமிழாக்குவோர்க்கு 'மோகினி' என்ற சொல் எளிதில் கைவரும். ஆனால் மோகினி ஆடவரை மயக்குபவள். பேகுன்கோதர்ப் பேச்சிலோ தண்டவாளத்தருகே நடந்த ஒரு பெண் மட்டுமே உண்டு. 'வெள்ளைச் சேலைப் பெண்ணுருவம்' என்று உள்ளவாறே எழுதுவது நீளமெனினும், ஊரார் சொல்லாத எதனையும் அது சேர்ப்பதில்லை.