பதுளை மலையில் எண்ணெய் ஏன் ஊறவில்லை?

கொழுந்து ஏற்றிப் போகும் லொறிக்கு ஊற்றும் டீசலில் ஒரு சொட்டுக்கூட இலங்கை மண்ணில் எடுத்ததல்ல. பிற நாடுகளிலிருந்து கப்பலில் வரும் மசகு எண்ணெயை 1969 முதல் சப்புகஸ்கந்த ஆலையில் சுத்திகரிக்கிறார்கள். சுத்திகரித்த டீசலும் இறக்குமதியாகிறது. பதுளை இருக்கும் ஊவா மலையைத் தோண்டினால் எண்ணெய் கிடைக்காதா? கிடைக்காது.

எண்ணெய் வயல் என்பது நிலத்தடிக் குளமல்ல. எண்ணெய் ஊறிய பாறை. பழங்கடலின் அடியில் நுண்ணுயிர்கள் மடிந்து சேற்றோடு புதைந்தன. மேலே படிவு சேரச் சேரச் சூடு ஏறியது. ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் அந்த எச்சம் எண்ணெயாகும். அதற்கு மேல் போனால் வாயுவாகும். எண்ணெய் நீரைவிட இலேசு என்பதால் மணற்பாறையின் நுண்துளைகள் வழியே மேலேறும். வழியில் களிப்பாறை கவிழ்ந்த வளைவாக மூடியிருந்தால் அதன் கீழே தேங்கும். மூடி இல்லையேல் கசிந்து வீணாகும்.

அந்த மூடியைத்தான் துளைபோட்டுத் திறக்கிறார்கள். தொடக்கத்தில் பாறைக்குள் இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். அழுத்தம் குறைந்ததும் பம்பு வேண்டும். பிறகு வேறு கிணறுகள் வழியே நீரைச் செலுத்தி எண்ணெயை நெருக்குவார்கள். அப்படியும் பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடுவதுண்டு. மேலே வருவதும் தனி எண்ணெயல்ல. கூடவே வரும் வாயுவையும் உப்புநீரையும் பிரித்த பின்பே அது சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும்.

ஊவா மலைகளோ ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் 700 பாகைக்கும் மேலான சூட்டில் வெந்து உருமாறிய பாறைகள். காய்ச்சும் அடுப்பில் சூடு மிஞ்சினால் தேயிலை கருகுவதுபோல, அந்தச் சூட்டில் உயிர் எச்சம் பென்சிற்கரியாகுமே தவிர எண்ணெயாகாது. எண்ணெய் தங்க நுண்துளைகளும் அங்கே மிஞ்சவில்லை.

மன்னார்ப் பக்கம் கதை வேறு. கொண்டுவானாக் கண்டம் பிளந்தபோது உண்டான பள்ளங்களில் கடற்படிவுகள் பல கிலோமீற்றர் தடிப்பில் சேர்ந்தன. அயலிலுள்ள காவிரிப் படுகையில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கிடைத்தது. மன்னார்க் கடலில் 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் துளையிட்ட இரண்டு கிணறுகளில் வாயு இருப்பது தெரிந்தது. அங்கே நீரின் ஆழமே ஒரு கிலோமீற்றருக்கு மேல். 2015இல் நிறுவனம் விலகியது; வாயு இன்னும் வணிக உற்பத்திக்கு வரவில்லை. ஒரு படிவு வயலாவதற்கு நிலவியல் மட்டும் போதாது. எடுக்கும் செலவைவிட விற்கும் விலை கூடியிருக்கவும் வேண்டும்.