அஞ்சடியும் குடிக்கூலியும்

வீட்டு வாடகையைக் குறிக்கக் 'குடிக்கூலி' என்றொரு சொல் தமிழில் உண்டு. இன்று அது வழக்கில் அருகிவிட்டது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூலி என்பது கைக்கு வருவது. குடிக்கூலியோ கையை விட்டுப் போவது. லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. ஆனால் வேலை போனால் வீடும் போய்விடும். நகரத்தில் மாதந்தவறாமல் குடிக்கூலி கொடுப்பவனுக்கு அந்த அச்சமில்லை என்றே நம்மில் பலர் எண்ணி வந்தோம். அவ்வெண்ணம் எத்துணை உறுதியானது என்பதைப் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனை வைத்து ஆராய்வோம்.

1786-இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய அந்நகரின் பழைய பகுதி, கால்நடையாகவே வாழ்க்கை நடத்துவதற்கு ஏற்ற இடம். குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனரின் குவான் இம் கோயில், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகிய நான்கும் கால் மணி நேர நடைக்குள் அடங்கும். வெயிலும் மழையும் படாமல் நடப்பதற்குக் கடைவீடுகளின் முன்னே கூரையிட்ட பாதை உண்டு. மலாய்மொழியில் அது 'காக்கி லீமா'. காக்கி என்றால் அடி, லீமா என்றால் ஐந்து. நம்மவர் அதனை 'அஞ்சடி' என்றனர். 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரமைப்பு விதியில், வீடுதோறும் முன்புறம் இத்தகைய தொடர் நடைபாதை விடவேண்டுமென்று காண்கிறோம். அம்முறை பின்னர் பினாங்கிலும் பரவியது. அடிக்கோல் கொண்டு அளந்தால் எல்லா இடத்திலும் சரியாக ஐந்தடி தேறாது. பெயர் மட்டும் மாறவில்லை.

பாதை இருந்தால் மட்டும் போதுமா? நடப்பதற்கு ஆள் வேண்டும். கடைவீட்டின் முகப்பு குறுகியது, உள்ளே நீளமோ மிகுதி. நடுவில் வானம் பார்த்த முற்றம். கீழே கடை, மேலே குடித்தனம். ஒருவர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, மாடியைப் பலகையால் தடுத்துச் சிற்றறைகளாக்கி உள்வாடகைக்கு விடுவது வழக்கம். மூட்டை தூக்குபவரும் தையற்காரரும் பூக்கட்டுபவரும் அவ்வறைகளில் இருந்தனர். அறை சிறிது, காற்று குறைவு. ஆயினும் வேலைக்குப் போக வண்டிச் செலவு இல்லை. வாடகையைக் கணக்கிடுவோர் போக்குவரத்துச் செலவையும் அதனோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். தனியே பார்த்தால் கணக்குத் தப்பும்.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றது ஒரு சட்டம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகைக்கு வரம்பு கட்டியது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற முடியாமலும் செய்தது. வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. காப்பி குடிக்கப் போதாத வாடகையை வாங்கிக்கொண்டு கூரையை எப்படிச் செப்பனிடுவது என்று அவர்கள் கேட்டனர். பல வீடுகள் ஒழுகின. ஆனால் இடித்து உயரக் கட்டவும் எளிதில் இயலாமற் போனதால் பழைய தெருக்கள் அப்படியே தப்பின. சட்டம் இயற்றியோர் இதனை எண்ணிச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அவ்வாண்டுச் செப்டம்பர் முதல் 1999 திசம்பர் முடிவு வரை, இரண்டு ஆண்டு நான்கு மாதம் தவணை. மூன்று தலைமுறையாக ஓரிடத்தில் இருந்தவர்க்கு அது தவணையா? 2000 பிறந்ததும் வாடகை பன்மடங்கு ஏறியது. கொடுக்க முடியாதவர் தீவின் புறநகர் அடுக்குமாடிகளுக்கும் அக்கரைக்கும் பெயர்ந்தனர். வெற்றிடமான வீடுகள் சிலவற்றில் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். குருவி வாடகை தராது, கூடு தரும். மனிதர் இருந்ததைவிட அது ஆதாயமாய் இருந்திருக்கிறது! 2013 முடிவுக்குள் மரபுடைமைப் பகுதியிலிருந்து அவற்றை அகற்ற வேண்டுமென்று மாநில அரசு கெடு வைத்தது.

இடையில் 2008-இல் ஜார்ஜ்டவுன் மலாக்காவுடன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. விடுதிகளும் காப்பிக்கடைகளும் பெருகின. 2009-இல் எடுத்த கணக்கின்படி மரபுடைமைப் பகுதியில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருந்தனர். 2013-இல் அத்தொகை ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கும் கீழ் இறங்கியது. சுவருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. சுவருக்குள் இருந்தவர்க்கு வரவில்லை.

போனவர்க்குப் புதிய இடத்தில் குழாய்நீரும் காற்றோட்டமும் கூடுதலாகவே கிடைத்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்து போன மூதாட்டி இப்போது பேருந்துக்கோ பேரனின் ஓய்வுக்கோ காத்திருக்க வேண்டும். அவருடைய குடிக்கூலிக் கணக்கில் இதனை எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்று அங்கே அறை தேடும் இளைஞர்கள், வாடகைத் தொகையைக் கேட்குமுன் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றலாம், கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. இரண்டு மாத வாடகையைப் பிணையாகக் கட்டுவது பொது வழக்கம். அது எந்நிலையில் திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழியை நம்பிப் பல்லாண்டு இருந்தோர் கதை மேலே சொன்னதுதான்.

மாணவரை அங்கே சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஆர்மீனியன் தெருவில் 2012-இல் வரையப்பட்ட மிதிவண்டிச் சிறுவர் ஓவியத்தைக் காட்டாமல் திரும்புவதில்லை. அப்படியே அஞ்சடியில் சற்று நடக்க விட்டு, ஒரு தெருவில் எத்தனை மாடிச் சன்னல்களில் துணி உலர்கிறது என்று எண்ணிவரச் சொல்லலாம். நான் சென்ற முறை அப்படிச் சொன்னேன். ஒரு தெருவின் இருபுறமும் பார்த்துவிட்டு வந்து, மூன்று என்றார்கள்.