சம்பளப் பதிவேடும் பிள்ளையின் உரிமையும்

பெற்ற பிள்ளையைப் பேணுதல் பெற்றோர் கடன். அக்கடனைக் கைவிட்டவர் அரசாங்கச் சம்பளம் பெறுபவராயின், அவரைப் பற்றிய பதிவுகளை அரசு மூடிவைத்தல் முறையாமோ? ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வினாவுக்குச் சட்டம் படிப்படியாக விடை கண்டது.

அரசின் இசைவின்றி அதன்மீது வழக்காட இயலாது என்னுங் கோட்பாட்டினால், அங்குச் சமஷ்டி அரசாங்க ஊழியரின் சம்பளத்தை நீதிமன்றக் கட்டளையாற் பற்ற முடியாதிருந்தது. 1975ஆம் ஆண்டிற் கைச்சாத்திடப்பட்ட சட்டம் அத்தடையை நீக்கியதோடு, மறைந்து வாழும் பெற்றோரைத் தேடிக் காணுஞ் சேவையொன்றையும் அமைத்தது. 1995இல் சனாதிபதி கிளின்டன் பிறப்பித்த 12953ஆம் இலக்கக் கட்டளை, பிள்ளைத் தாபரிப்புப் பணத்தை நிலுவையாக வைத்திருப்போரின் பட்டியலை அரசாங்கத் திணைக்களங்களின் சம்பளப் பதிவேடுகளோடும் ஊழியர் பதிவேடுகளோடும் ஆண்டுக்கொரு முறையேனும் ஒப்பிடுமாறு பணித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டமோ, புதிதாக வேலைக்கமர்ந்தோரைப் பதியுந் தேசிய ஏடொன்றை உருவாக்கி, அரச ஊழியரையும் அதனுள் அடக்கிற்று.

எனினும், ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய செய்தியை வேறொன்றுக்குப் பயன்படுத்தல் ஆபத்துடையது. தனியாள் பதிவுகளை உரியவரின் இசைவின்றி அரசு வெளியிடலாகாதென 1974ஆம் ஆண்டின் அந்தரங்கக் காப்புச் சட்டம் பொதுவிதி வகுத்து, சில விலக்குகளை மட்டுமே அனுமதித்தது. தந்தையைக் காட்டும் ஏடு, அவன் கொடுமைக்கு அஞ்சி ஓடிய தாயை அவனுக்குக் காட்டிவிடவுங் கூடும். ஆதலால், வன்முறைக்குத் தக்க சான்றுள்ளவிடத்து அச்செய்தியை வெளியிடுதல் தடுக்கப்பட்டுள்ளது. சம்பளத்திற் பிடிக்கத்தக்க பங்குக்கும் எல்லையுண்டு. கட்டாயக் கழிவுகள் போக எஞ்சுவதில், குடும்ப நிலைக்கும் நிலுவைக் காலத்துக்கும் ஏற்ப, நூற்றுக்கு 50 முதல் 65 வரையே பிடிக்கலாம்.

பிள்ளையின் பசி தீருமளவுக்குப் பதிவேட்டைத் திறத்தல் அரசின் கடமை. அதற்கப்பால் அதனை மூடிவைத்தலும் அரசின் கடமையேயாம்.