செவிலியர், பஞ்சு, ஒரு நிமிடம்

புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், ஸ்கேன் வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்த நினைப்பைத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்கள் எப்போதோ பொய்யாக்கிவிட்டன. 2000-இல் அங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தார்கள். வினிகரில் உள்ள அதே அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சால் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், செல்கள் மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழித்தார்கள். முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த கிராமங்களைவிட இங்கே நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவு. அதுவும் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால்!

இது எப்படிச் சாத்தியம்? இந்தப் புற்றுநோய் நமக்கு அவகாசம் தருகிறது. ஏறக்குறைய எல்லா நேர்வுகளுக்கும் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதை நிறுவிய ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவால் பரவும் இந்தத் தொற்று பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகும். எனவே நோய் வந்த பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது அறியாமை. சிலரிடம் மட்டும் வைரஸ் தங்கிவிடுகிறது; அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

அந்த ஆண்டுகளை வீணடிக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர்கூடக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. நாட்டின் சராசரியோ இரண்டு சதவீதத்துக்கும் கீழே. கூச்சம் ஒரு காரணம். 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்ற எண்ணம் இன்னொன்று. ஒன்றும் இல்லாதபோது செய்வதற்குத்தான் இந்தப் பரிசோதனையே.

பரிசோதனையைப் போலவே இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியும் முக்கியம். அதைத் தொற்று வருமுன் போட வேண்டும், அதனால்தான் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு முன்னுரிமை. ஒரு தவணையே போதிய பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' என்ற தடுப்பூசி உள்நாட்டுத் தயாரிப்பு. ஆனால், ஊசி எல்லா வகை வைரஸையும் தடுக்காது. போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனைக்கு வர வேண்டும்.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய்க்கு இடையே ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் பரிசோதனை முகாமுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அப்படியே. 'பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனி எதற்கு டாக்டர்' என்று அம்மா சொன்னால், கையோடு அழைத்துப் போங்கள்.