கடற்கோளும் காதலும்: 'கயல்' பற்றி ஒரு தர்க்கம்

பிரபு சொலமனின் 'கயல்' 2014 டிசம்பர் 25இல் திரைக்கு வந்தது. ஆழிப்பேரலை அடித்துப் பத்தாண்டு நிறைவதற்கு முதல்நாள். ஊர்சுற்றும் ஓர் இளைஞன், ஒரு பெரிய வீட்டில் வேலைசெய்து வளர்ந்த பெண், இருவருக்கும் காதல். அவனைத் தேடி அவள் கன்னியாகுமரிக்கு வருகிறாள். 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறுகிறது. எல்லாவற்றையும் அலை வாரிக்கொண்டுபோன பிறகு படம் இருவரையும் சேர்த்துவைக்கிறது.

செவன் கிங்ஸில் நண்பரொருவரின் வீட்டில் இதைப் பலர் கூடியிருந்து பார்த்தோம். பின்னர் தொடங்கிய தர்க்கம் படத்தைவிட நீளமாயிருந்தது. "அவ்வளவு சனத்துக்குள்ள அவையள் ரெண்டுபேரும் தப்பிச் சந்திக்கினமாம். நடக்கிற காரியமே?" என்றார் ஒருவர். "நீங்கள் படம் பாக்கிறியளோ, விசாரணைக் கமிஷன் நடத்திறியளோ?" என்று மற்றவர் கேட்டார். எனக்கு இரண்டு கட்சியிலும் சேர விருப்பமில்லை. காதலரைச் சேர்த்துவைப்பது கதைசொல்பவரின் உரிமை. மணிமேகலையில் சோழ அரசன் நாகநாட்டுப் பீலிவளையைக் காதலிக்கிறான். அவள் அனுப்பிய மகன் வந்த கப்பல் உடைகிறது. அவனைத் தேடும் துயரில் இந்திரவிழாவை அரசன் மறக்கப் புகார் நகரைக் கடல் கொள்கிறது. காதலையும் கடற்கோளையும் ஒரே முடிச்சில் போடுவதை நாம் ஹொலிவூட்டிடம் கற்கவில்லை.

ஆனால் கடல் எப்படி ஏறியது என்பது வேறு விடயம். அது கற்பனைக்கு மட்டும் விடக்கூடியதல்ல.

சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது இந்திய நேரம் காலை 6.28க்கு. அளவு 9.1. பிளவு வடக்கே அந்தமான்வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் ஓடியது. அதன் மேற்குப்பக்கம் கடலடி உயர்ந்தது, கிழக்குப்பக்கம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கேயிருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது; மேற்கேயிருந்த நமது கரைகளுக்கு முதலில் வந்தது நீரின் ஏற்றம். இலங்கையில் பல இடங்களில் அந்த முதல் ஏற்றம் சிறியது. பிறகு கடல் பின்வாங்கியது. அடுத்து வந்ததே ஆட்களைக் கொண்டுபோனது. "கடல் வத்தினது, சனம் பாக்கப் போனது" என்கிற சாட்சியும், "இல்லை, சும்மா இருந்த கடல் ஏறினது" என்கிற சாட்சியும் ஒன்றையொன்று மறுக்கத் தேவையில்லை. எந்த நிமிடத்தில் யார் கரையில் நின்றார் என்பதைப் பொறுத்தது அது.

"இலங்கை குறுக்க நிக்க அலை எப்பிடிக் குமரிமுனைக்குப் போகும்?" என்பது இன்னொருவரின் ஆட்சேபம். போகும். ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகம் குறைகிறது. ஒருபக்கம் தாமதிக்க மறுபக்கம் முந்த, அலை கரையை நோக்கி வளைகிறது. இப்படித் தீவைச் சுற்றி வளைந்ததனால்தான் சுமாத்திராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பெரலியவில் ரயில் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குமரி மாவட்டத்தில் குளச்சலும் மணக்குடியும் அழிந்ததும் கேரளத்தில் கொல்லம் கரை அடிபட்டதும் இதனால்தான்.

சினிமாவுக்குச் சுவராய் எழும்பி உடையும் அலைதான் பிடிக்கும். உண்மையில் ஆழ்கடலில் அது இரண்டடி உயரம்கூட இருக்கவில்லை என்பதை மேலே சென்ற செய்மதி அளந்திருக்கிறது. மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் போன அந்த அலை தமக்குக் கீழால் கடந்ததை ஆழ்கடலில் நின்ற மீனவர் உணரவில்லை. கரையில் அது பெரும்பாலும் உடையும் அலையாக அல்ல, நிறுத்தாமல் உயரும் வெள்ளமாகவே வந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அவகாசமிருந்தும் எவருக்கும் தெரியாமற் போனதை 'நம்பமுடியாத கதை' என்று சொன்னவரும் உண்டு. அதுதான் முழு உண்மை. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் 15 நிமிடத்தில் நிலநடுக்கச் செய்தியை வெளியிட்டது, ஆனால் இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை முறை அன்று இருக்கவேயில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு சிக்கல். 1996இல் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2004இல் இரண்டுக்கும் அரைமணி வித்தியாசம். முல்லைத்தீவார் ஒரு நேரம் சொல்ல, திருகோணமலையார் இன்னொரு நேரம் சொல்வதைக் கேட்டு, யாரோ ஒருவருக்கு ஞாபகப்பிசகு என்று முடிவுகட்டும் வருங்கால ஆய்வாளரை நினைத்தால் பரிதாபமாயிருக்கிறது.

என்னை அதிகம் உறுத்தியது இவையொன்றுமல்ல. வடமராட்சியைச் சேர்ந்த ஒரு அக்கா படத்தின் நடுவில் கேட்டது: "அந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமோ?"

காதலும் பேரழிவும் கலந்த படங்களின் இன்றைய அச்சு 'ரைற்றானிக்'. காதலன் நீரில் இறக்க, காதலி பிழைத்து நினைவுகூர்வாள். அந்தக் கப்பலுக்கு அது பொருந்தும். பிரித்தானிய விசாரணையின் கணக்குப்படி முதலாம் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் தப்பினர். மூன்றாம் வகுப்பில் 165 பேரில் 76 பேர்தான். அங்கேயும் ஆண்களைவிடப் பெண்களே அதிக விகிதத்தில் பிழைத்தனர். நமது கரையில் கணக்குத் தலைகீழ். ஒக்ஸ்பாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்களில் பலர் கடலில் அல்லது வெளியூரில். பெண்கள் கரையில், வரும் வள்ளங்களின் மீனுக்குக் காத்து நின்றனர், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு. மட்டக்களப்புக் கரையில் அது பெண்கள் கடலில் குளிக்கும் நேரம். நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் பழக்கம். சேலை காலைச் சுற்றியது. கையில் குழந்தை இருந்தது.

எனவே காதலர் சந்தித்த தற்செயலைவிட, கயல் பிழைத்த தற்செயல்தான் பெரியது. படத்தை இதற்காகக் குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. வணிகப்படம் கதாநாயகியைக் கொல்லத் தயங்கும். ஆனால் சரித்திரம் பிழைத்தது என்று விவாதிப்பவர்கள் அலையின் உயரத்தில் நிற்காமல் இங்கே வந்திருக்கவேண்டும்.

தப்பியவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் படம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நடந்தது. பிள்ளைகள் போதுமென்று முன்னரே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, அந்த ஒரு காலையில் எல்லாப் பிள்ளைகளையும் இழந்த பெண்கள் தமிழ்நாட்டுக் கரையோரம் பலர். அதை மாற்றிச்செய்யும் சிகிச்சைக்கான செலவை 2005இல் மாநில அரசு ஏற்றுக்கொண்டது. நாகப்பட்டினத்துப் பெண்கள் அதற்காக ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். சிலருக்குப் பிள்ளை பிறந்தது, சிலருக்கு இல்லை.